கூட வந்தவரும் ஆட வேண்டும்

ஆகஸ்ட் 4, வியாழன்

இன்று முதல் எழுதுகிறேன். எழுதச் சொன்னது நரம்பு டாக்டர். லோகநாயகி எப்போது மாத்திரை போட்டாள், எப்போது அதன் வேகம் இறங்கியது, எப்போது கால் நின்றுபோனது, இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். சுருக்கமாக இருந்தால் போதும் என்றார். நான் பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மோட்டாருக்கு எவ்வளவோ அறிக்கை எழுதியிருக்கிறேன். மனைவிக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

நிலவரம்: லோகநாயகி, வயது அறுபத்தொன்று. நான்கு வருடமாகப் பார்க்கின்சன் நோய். வலது கை நடுங்கும். முகம் அசையாது, சந்தோஷமா கோபமா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நடந்துகொண்டே இருப்பாள், திடீரென்று பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வாசல் நிலையைக் கண்டால் அநேகமாக நிற்கும். ஆள் வைத்து வீட்டில் எல்லா வாசற்படியையும் இடித்து மட்டமாக்கிவிட்டேன். அப்படியும் நிற்கிறது.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். காந்திபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சனிக்கிழமை காலை நடன வகுப்பு நடக்கிறதாம். கை கால் எப்படி இருந்தாலும் வரலாமாம். இந்த நோய்க்கு நல்லதாம். நாங்கள் அந்த மாதிரி ஆட்கள் இல்லை டாக்டர் என்றேன். "போலாமுங்க" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. லோகநாயகிதான். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, சனி

போனோம். ஹால் வாசலிலேயே அவளுக்குக் கால் ஒட்டிக்கொண்டது. வழக்கம்போல் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். உள்ளேயிருந்து சக்கர நாற்காலியில் ஒரு பெண் வேகமாக வந்தாள்.

"இழுக்காதீங்க சார். விழுந்துருவாங்க."

"நாலு வருஷமா நான்தானம்மா கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அந்தப் பெண் என்னை விட்டுவிட்டு லோகநாயகியிடம் பேசினாள். நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே, "அம்மா, முன்னாடி போக வேண்டாம். இந்தப் பக்கம் சாயுங்க. இப்ப அந்தப் பக்கம். ஊஞ்சல் மாதிரி" என்றாள். லோகநாயகி இடமும் வலமுமாகச் சாய்ந்தாள். பிறகு, யாரோ முடிச்சை அவிழ்த்ததுபோல், நடந்து உள்ளே போய்விட்டாள்.

நான் பையோடு வாசலில் நின்றேன். அந்தப் பெண்ணும் சிகிச்சைக்கு வந்தவள் என்று நினைத்து, "டீச்சர் எப்பம்மா வருவாங்க?" என்று கேட்டேன்.

"வந்துட்டாங்க சார்" என்றாள்.

அவள்தான் டீச்சர். பெயர் பெனசீர், ஊர் உக்கடம். பிறவியிலேயே முதுகுத் தண்டில் கோளாறு, ஒரு நாளும் நடந்ததில்லையாம். நடக்காதவர் எப்படி ஆடக் கற்றுத் தருவார் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பாட்டைப் போட்டுவிட்டு நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பின் சக்கரத்தில் நின்று முன் சக்கரத்தைத் தூக்கினாள். கேட்கவில்லை.

சுவரோரம் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்தேன். "சார், இங்க ஒரு ரூல் இருக்கு. கூட வந்தவரும் ஆடணும்" என்றாள். எனக்கு இடுப்பு வலி என்றேன். "அப்ப கழுத்தை ஆட்டுங்க." அதுவும் முடியாது என்று கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னோடு சேர்ந்து கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆடிவிட்டேனாம்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

கழுத்து வலி. ஆடியதால் அல்ல.

ஆகஸ்ட் 13, சனி

மொத்தம் பத்துப் பேர் வருகிறார்கள். இருவரைத்தான் நினைவு வைத்திருக்கிறேன். ஒருவர் ஆரோக்கியம், பஞ்சாலையில் வேலை பார்த்தவர். சர்க்கரை நோயில் வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். பொய்க்காலைக் கழற்றி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஒற்றைக் காலில் ஊன்றுகோலோடு ஆடுகிறார். "அதுக்குத் தாளம் வராதுங்க" என்கிறார்.

இன்னொன்று தர்ஷினி. இருபத்திரண்டு வயது. டவுன் சின்ட்ரோம். வகுப்பில் யார் தப்பு செய்தாலும் அவள்தான் கண்டுபிடிப்பாள். என்னை முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. "தாத்தா, கைய கட்டாதீங்க. கைய கட்டினா ஆட்டம் வராது" என்று பலர் முன்னால் சொன்னாள். கம்பெனியில் என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை.

ஹாலில் ஆறு மின்விசிறி. நல்ல காற்று. புழுக்கம் குறையும்வரை வரலாம்.

ஆகஸ்ட் 27, சனி

இன்று கண்ணாடி விளையாட்டு என்று ஒன்று. இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் என்ன செய்கிறாரோ அதை மற்றவர் அப்படியே செய்ய வேண்டும். பெனசீர் என்னை லோகநாயகிக்கு எதிரில் நிறுத்தினாள். லோகநாயகி செய்வாள், நான் தொடர வேண்டும்.

அவள் இடது கையை மெதுவாக மேலே தூக்கினாள். தூக்கினேன். தலையைச் சாய்த்தாள். சாய்த்தேன். இது சுலபமாக இருந்தது. வலது கை அதன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டேன். அது அவள் செய்வதல்லவே.

"அதையுஞ் செய்யுங்க" என்றாள்.

"எதை?"

"இந்தக் கை ஆடறதையும்."

நான் பெனசீரைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் என் வலது கையை நடுக்கினேன். தப்பாக இருந்தது, லோகநாயகி தலையசைத்தாள், இன்னும் வேகமாக என்று. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் உரசுகிற மாதிரி, மாத்திரை உருட்டுகிற மாதிரி. அப்படியே செய்தேன். பாட்டு முடிகிறவரை நிறுத்தாமல் செய்தேன்.

ஒரே ஒரு பாட்டு. மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கை, தோள், கழுத்து என்று வலி ஏறியது. பாட்டு முடிந்ததும் என் கையை நிறுத்தினேன். அவளுடையது நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து தோளுக்குத் தைலம் தடவினேன். பிறகு அவள் தோளுக்கும் தடவினேன். இதுவரை தடவியதில்லை, கேட்டதில்லை அவள்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

மாத்திரை நேரம் எழுத மறந்துவிட்டேன். அவள் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

செப்டம்பர் 10, சனி

இன்று என்னை முன்னால் நிறுத்தி, நீங்கள் செய்யுங்கள், மற்றவர்கள் தொடர்வார்கள் என்றார்கள். எனக்கு ஆட்டம் எதுவும் தெரியாது என்றேன். "தினமும் செஞ்ச வேலைய செஞ்சு காட்டுங்க சார்" என்றாள் பெனசீர்.

செய்து காட்டினேன். பம்பு ஓடும்போது உள்ளங்கையை அதன் உடம்பில் வைத்து அதிர்வு பார்ப்பது. ஸ்க்ரூ டிரைவர் நுனியைப் பேரிங்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துத் தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பது. இரண்டடி பின்னால் வந்து அழுத்தம் காட்டும் கேஜைப் பார்ப்பது. சரியில்லை என்றால் கையை வீசி, கொண்டுபோ என்பது. உறுமி மேளப் பாட்டுக்குப் பத்துப் பேரும் அதையே செய்தார்கள். ஆரோக்கியம் ஊன்றுகோலைக் காதில் வைத்துக்கொண்டார். தர்ஷினி, கொண்டுபோ என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தாள், ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து.

லோகநாயகி என் பின்னால் நின்று செய்தாள். "நீங்க கம்பெனில இப்படியா நிப்பீங்க? எனக்குத் தெரியாதே" என்றாள் பஸ்ஸில்.

பம்ப் ஆட்டம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இது நடனம் அல்ல, சோதனை முறை என்று இரண்டு தடவை விளக்கினேன்.

செப்டம்பர் 18, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் கிருத்திகா போன் செய்தாள். அம்மாவிடம் கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு என்னிடம், "அப்பா, அம்மாவ ஏன் எங்கயும் தனியா விட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள்.

அவள் தனியாக எங்கே போக வேண்டும்? காய்கறி நான் வாங்குகிறேன். நான்தான் நறுக்குகிறேன். புடவை மடிப்பு எடுத்துவிடுகிறேன், ரவிக்கைக்குக் கொக்கி மாட்டிவிடுகிறேன், சோற்றைப் பிசைந்தும் கொடுத்துவிடுகிறேன். அவளுடைய ஸ்கூட்டரைப் போன வருடமே விற்றாயிற்று. நான் வெளியே போகும்போது கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறேன். அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

இதையெல்லாம் கிருத்திகாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் கோளாறு என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 8, சனி

டிசம்பர் மூன்று மாற்றுத்திறனாளிகள் தினம். ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய விழா நடக்கிறதாம். அதில் இந்த வகுப்பும் ஆட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களாம். பெனசீர் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஆரோக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்றார்.

லோகநாயகி தனியாக ஆட ஒரு பகுதி இருக்கிறதாம். "லோகாம்மா, முடியுமா?" என்றாள் பெனசீர். "முடியுமே" என்றாள் இவள். என்னை யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 25, செவ்வாய்

தீபாவளிப் பலகாரத்தோடு மச்சான் நஞ்சப்பன் வந்தார். லோகநாயகிக்கு அண்ணன். சூலூரில் தோட்டம், ஊரில் பெரிய மனிதர். பேச்சுவாக்கில் இவளே விழாவைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

அவர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது என்னைக் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "ஏம் மாப்ள, கையுங் காலும் ஒதறிட்டிருக்கற பொம்பளைய மேடையேத்தி நாலு பேரு பாக்கோணுமா? நம்ம சனமெல்லாம் பாக்காதா? சிரிக்கமாட்டானா?" என்றார்.

அவர் சொன்னது தப்பு என்று தெரியும். ஆனால் சிரிக்கமாட்டார்கள் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. முறுக்கு நன்றாக இருந்தது.

அக்டோபர் 29, சனி

எனக்கு இடுப்பு வலி. வகுப்புக்குப் போகவில்லை.

நவம்பர் 5, சனி

மழை. வகுப்புக்குப் போகவில்லை. பத்து மணிக்கு மேல் மழை விட்டுவிட்டது. மறுபடி வரலாம் என்று இருந்துவிட்டேன். வரவில்லை.

லோகநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா என்று கேட்டேன். "முகத்தப் பாத்தாத் தெரியலீங்களா?" என்றாள். தெரியவில்லை. அதற்காகத்தான் கேட்டேன்.

நவம்பர் 13, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை லோகநாயகிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு பால் பூத் வரை போனேன். திரும்பி வந்தால் கேட் திறந்திருக்கிறது. வீட்டில் ஆள் இல்லை. இன்னொரு சாவி அவளிடம் இருந்திருக்கிறது. விசாரித்ததில், போன வருடத்திலிருந்தே இருந்திருக்கிறது.

பாலைக் கேட்டிலேயே வைத்துவிட்டுச் சத்தி ரோட்டுக்கு ஓடினேன். பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம். பாதி ரோட்டில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பச்சைப் புடவை. மடிப்பு கோணலாக இருந்தது, அவளே கட்டியது. கால் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் மினி பஸ். எல்லோரும் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தலையை நீட்டித் திட்டினான்.

ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டும். ஓட ஆரம்பித்தேன். அப்போது அவள் சாய்ந்தாள். இடது பக்கம். பிறகு வலது பக்கம். அத்தனை ஹாரனுக்கு நடுவில், ரோட்டு மத்தியில், ஏதோ பாட்டு கேட்பதுபோல் ஆடினாள். ஹாரன் ஒவ்வொன்றாக நின்றது. பிறகு காலை எடுத்து வைத்தாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

நான் ஒரு வாழைப்பழ வண்டிக்குப் பின்னால் நின்றேன். ஏன் என்று தெரியவில்லை. பழக்காரர், என்ன சார் வேணும் என்று கேட்டார்.

பஸ் வந்தது. அவள் முன் வாசலில் ஏறினாள். நான் பின் வாசலில் ஏறிக் குடையை முகத்துக்குப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸுக்குள் எதற்குக் குடை என்று கண்டக்டர் கேட்டார். அவள் இறங்கும் நிறுத்தத்தில் அவளுக்கு முன்னால் இறங்கி மறைந்துகொள்ளலாம் என்று, பஸ் நிற்பதற்குள் குதித்தேன். வலது கணுக்கால் மடங்கியது. சத்தம் எனக்கே கேட்டது. பேரிங் உடைகிற சத்தம்.

ரோட்டில் கிடந்தேன். கூட்டம் கூடியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு நடுங்குகிற கை வந்தது.

"எந்திரிக்காதீங்க. ஆட்டோ கூப்படறேன்" என்றாள்.

"நான் வந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க பழ வண்டிக்குப் பின்னால நின்னப்பவே பாத்தனுங்க."

எலும்பு முறிவு. மாவுக்கட்டு முழங்கால்வரை. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. ஆஸ்பத்திரியில் படிவம் எழுதியதும், எக்ஸ்ரே அறைக்கு என் வண்டியைத் தள்ளச் சொல்லி ஆள் பிடித்ததும் எல்லாம் அவள்தான். எழுத்து கோழி கிறுக்கியதுபோல் இருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

இன்று மத்தியானம் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ரோட்டுல நான் நின்னப்ப நீங்க ஓடியாரலியே?"

"பழம் வாங்கிட்டிருந்தேன்."

"எங்க பழம்?"

மாவுக்கட்டைப் பார்த்தேன். அவள் போர்வையை என் கால்மேல் இழுத்துவிட்டாள்.

"ஒரு நாளைக்கு நெசமாலுமே என்னால முடியாமப் போயிருமுங்க. எனக்குத் தெரியாதா? அன்னைக்குப் புடிச்சுக்குங்க. உங்களத் தவிர வேற யாரு புடிப்பா? ஆனா முடியற வரைக்கும் உடுங்க. இப்பவே எல்லாத்தையும் நீங்களே செஞ்சுட்டா, நான் இருந்து என்னத்துக்கு?"

சரி என்றேன். வலி மாத்திரை மயக்கம் தரும் வகை. இருந்தாலும் சொன்னது நினைவிருக்கிறது.

நவம்பர் 16, புதன்

லோகநாயகி காப்பி போட்டாள். சமையலறையிலிருந்து கட்டிலுக்கு வந்து சேரும்போது பாதி டம்ளர் இருந்தது. மீதி வழியெல்லாம் இருந்தது. எழுந்து துடைக்க முடியாது. படுத்துக்கொண்டே பார்த்தேன். அவளே துணியைப் போட்டுக் காலால் துடைத்தாள், தாளத்தோடு.

காப்பி ஆறியிருந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. நான் போடுகிற காப்பியில் எப்போதும் அதிகமாம். ஒரு வருடமாகக் குடித்துவிட்டு இன்றுதான் சொல்கிறாள்.

நவம்பர் 19, சனி

பெனசீர் தன்னுடைய பழைய சக்கர நாற்காலியை ஆட்டோவில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு குறிப்பு: வகுப்புக்கு வந்தால்தான் ஓட்டக் கற்றுத் தரப்படும்.

போனோம். இந்தத் தடவை லோகநாயகிதான் பை வைத்திருந்தாள். நாற்காலியைத் தள்ள யாரையும் விட மாட்டேன் என்றாள் பெனசீர். நானே ஓட்டினேன். முதலில் சுவரில் இடித்தேன், பிறகு ஆரோக்கியத்தின் பொய்க்காலில். வலிக்கலீங்க என்றார்.

"திரும்பறப்ப ஒரு சக்கரத்தப் புடிச்சுக்கங்க சார், இன்னொண்ண உடுங்க. ரெண்டையும் புடிச்சா நின்னுருவீங்க" என்றாள். சரியான இயந்திரவியல். அதை அவள் சக்கரத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். ஆனாலும் லோகநாயகி என்னைப் பார்த்தாள்.

டிசம்பர் விழாவில் நான் நாற்காலியிலேயே பம்ப் ஆட்டம் ஆடுவதாக முடிவாகியிருக்கிறது. கூட்டத்தில் முடிவானது. நான் இருந்தேன். எதிர்க்கவில்லை என்பதாக எழுதிக்கொள்ளலாம்.

நவம்பர் 22, செவ்வாய்

மச்சான் கால் பார்க்க வந்தார். ஆடும் விஷயத்தை நானே சொன்னேன். நாங்கள் இருவரும் ஆடுகிறோம் என்றேன். "நீங்களுமா மாப்ள?" என்றார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். போய்விட்டார்.

டிசம்பர் 3, சனி

விழா பத்து மணிக்கு. சிறப்பு விருந்தினர் பன்னிரண்டுக்கு வந்தார். மேடைக்கு ஏழெட்டுப் படிகள். சாய்தளம் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் தினம் என்று மேடையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படிக்க நாங்கள் கீழேதான் இருக்க வேண்டும்.

ஏற்பாடு செய்த அமைப்பாளர் கையைப் பிசைந்தார். "நாலு பசங்களக் கூப்பிட்டு நாற்காலியோட தூக்கிடலாங்க மேடம்" என்றார் பெனசீரிடம்.

"நாங்க மூட்டை இல்லைங்க சார்."

"அப்ப ஆட்டத்த அடுத்த வருஷம் வெச்சுக்கலாங்களா?"

பெனசீர் மண்டபத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். மேடைக்குக் கீழே, முன்வரிசையில், பெரிய மனிதர்களுக்கான சோபாக்கள். "அதை எடுத்தா எடம் இருக்கு. இங்கயே ஆடறோம்" என்றாள். சோபாவை யார் எடுப்பது? யாரும் அசையவில்லை. விருந்தினரின் உதவியாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலியாக இருந்த முதல் சோபாவை இழுத்தார். மச்சான் நஞ்சப்பன். அவர் வந்ததே எங்களுக்குத் தெரியாது. "பாத்துட்டு நிக்கறீங்களே, அந்தப் பக்கம் புடிங்கப்பா" என்று உதவியாளரை அதட்டினார். உதவியாளர் பிடித்தார். கடைசியில் சிறப்பு விருந்தினரும் எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறினார்.

பம்ப் ஆட்டம் நன்றாக முடிந்தது. என் இடது சக்கரம் கொஞ்சம் இரைச்சல் போட்டது. எண்ணெய் விட வேண்டும்.

பிறகு லோகநாயகியின் முறை. நாங்கள் அரைவட்டமாகச் சுற்றி மெதுவாக அசைய, அவள் நடுவில் தனியாக. கைகளை விரித்தாள். வலது கை நடுங்கியது. அதை மறைக்காமல் மேலே தூக்கினாள். காற்றில் இலை ஆடுவதுபோல் இருந்தது என்று எழுதலாம், ஆனால் அது கை. என் மனைவியின் கை.

அப்படியே நான்கு அடி வந்தவள் நின்றுவிட்டாள். கால் ஒட்டிக்கொண்டது. சாய்ந்து பார்த்தாள். வரவில்லை. இன்னொரு தடவை. வரவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மண்டபம் நிறைய ஜனம். எனக்குக் கை இரண்டும் சக்கரத்துக்குப் போய்விட்டது. உருட்டினால் மூன்றே உருட்டல், பிடித்துவிடலாம்.

"தாத்தா! உங்க டர்ன் இல்ல!" என்றாள் தர்ஷினி பக்கத்திலிருந்து. மெதுவாகச் சொல்ல அவளுக்கு வராது. மண்டபத்துக்கே கேட்டது.

கையை எடுத்தேன்.

பெனசீர் என்ன செய்தாள் என்றால், கையைப் பாதியில் தூக்கியபடி நாற்காலியோடு அப்படியே நின்றாள். அதைப் பார்த்து ஆரோக்கியம் ஒற்றைக் காலில் நின்றார். தர்ஷினி நின்றாள். ஒவ்வொருவராக எல்லோரும் நின்றோம். லோகநாயகி எப்படி நிற்கிறாளோ அப்படி. அசைந்தது அவளுடைய வலது கை ஒன்றுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கடிகாரம் பார்க்கவில்லை. பாட்டைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பேர் இருந்த மண்டபத்தில் விசிறிச் சத்தம் மட்டும்.

பிறகு அவள் இடது பாதம் தரையை விட்டு எழுந்தது. அவள் அடி வைத்தாள். நாங்களும் வைத்தோம்.

அது ஆட்டத்தில் இருப்பது என்று நினைத்து ஜனம் கைதட்டியது. எழுந்து நின்று தட்டினார்கள். யாரும் திருத்தவில்லை.

வெளியே வந்ததும் மச்சான் லோகநாயகியின் பக்கத்தில் வந்து நின்றார். "சோபா கனமாத்தான் இருந்துச்சு, கண்ணு" என்றார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மண்டபத்தில் தூசி அதிகம்.

எனக்கும் தூசி.

டிசம்பர் 20, செவ்வாய்

டாக்டர். நடை முன்பைவிடப் பரவாயில்லை என்றார். ஆனால் மாத்திரையின் வேகம் சீக்கிரம் இறங்குகிறது, அளவைக் கூட்ட வேண்டும் என்றார். நோய் நின்றுவிடாது, போய்க்கொண்டேதான் இருக்கும் என்று அவளிடமே நேராகச் சொன்னார். "தெரியுமுங்க" என்றாள்.

என் நாட்குறிப்பைக் கேட்டார். கொடுத்தேன். கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல மாத்திரை நேரத்தையே காணோமே சார்" என்றார். இனிமேல் அவளே தனியாக எழுதிக் கொண்டுவருவதாக ஏற்பாடு.

டிசம்பர் 27, செவ்வாய்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வேறு யாருடைய காலோ வந்தது. ஒல்லியாக, வெளுத்து. இனி ஊன்றி நடக்கலாம் என்றார்கள். நடக்கவில்லை. எலும்பு சேர்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே சொல்கிறது, கால் நம்பவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அடி எடுத்து வைக்க முடியவில்லை. மனசு போ என்கிறது, கால் கேட்க மாட்டேன் என்கிறது.

"இப்படித்தானுங்க இருக்கும்" என்றாள் லோகநாயகி. என் எதிரில் நின்று கையை நீட்டாமல் காத்திருந்தாள். சாயங்காலம் வரை ஆனாலும் காத்திருப்பாள் என்று தெரிந்தது. நடந்தேன்.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். கிருத்திகா மாமனார் வீட்டில் கொண்டாடுகிறாள். நாங்கள் இருவர் மட்டும். வெளியே வாங்கிவிடலாமா என்றேன். அவள் கேட்கவில்லை. முன்வாசலில் கல் அடுக்கி, மண்பானை ஏற்றி, அவளே தீ மூட்டினாள். நாலைந்து தீக்குச்சி வீணானது. நான் கரும்பைக் கட்டினேன். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

ஒரு மாதமாக அவள் குரல் இறங்கிப்போயிருக்கிறது. பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும். இதுவும் நோயில் ஒன்று என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைகளில் பெனசீர் அவளைப் பாட்டோடு சேர்ந்து கத்தச் சொல்கிறாள். கத்துகிறாள், எங்களுக்குக் கேட்பதில்லை.

பால் சூடேறிக்கொண்டிருந்தபோது, அரிசியை உள்ளேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. நான் எடுத்து வருகிறேன் என்று தடியை ஊன்றிக் கிளம்பினேன். ரொம்ப நேரம் காணோமே என்று அவளும் பின்னால் வந்துவிட்டாள். அரிசியோடு இருவரும் கூடத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அவள் அடி சின்னது. என் அடி நொண்டியது. நீ முன்னால் போ என்றேன். நீங்க போங்க என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் கதவுக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு பேருக்கு இடம் போதவில்லை.

எதிரே பானையில் நுரை ஏறிக்கொண்டிருந்தது. கழுத்துவரை வந்தது. விளிம்புக்கு வந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்க எங்கள் இருவரிடமும் கால் இல்லை. பால் பொங்கி, மஞ்சள் கொத்தை நனைத்துக்கொண்டு, நாலாபுறமும் வழிந்து, பாதித் தீயை அணைத்தது.

லோகநாயகி என் தோளைப் பிடித்துக்கொண்டு, கதவுச் சட்டத்துக்கு நடுவில் நின்றபடியே, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள்.

தெருக்கோடி வரை கேட்டது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. இரண்டு வீட்டில் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். வாய்க்குப் பக்கத்தில் இருந்தது என் வலது காது. இதை எழுதும்போது சாயங்காலம் ஆகிவிட்டது, இன்னும் இரைகிறது.